காயமும் கடதாசியும்

பிரதேச செயலகத்திற்குக் கொடுக்கும் உதவிப்பணப் படிவங்களில் பெயர், முகவரி, குடும்ப வருமானம் ஆகியவற்றை எழுதி முடித்தபின், ஊனம் எவ்வாறு நேர்ந்தது என்றொரு கேள்வி வரும். வன்னிப் பெருநிலப்பரப்பில், கரைச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ வவுனியா வடக்கிலோ, அயலவர்க்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பழக்கமுள்ள ஆசிரியர் எவரும் அந்த இடத்தில் ஒருமுறையேனும் பேனாவை நிறுத்தியிருப்பார். செயற்கைக் காலை நீட்டியபடி எதிர் வாங்கில் இருப்பவர் சற்று யோசிப்பார். பிறகு, "விபத்து எண்டு போடுங்கோ சேர்" என்பார். என்ன விபத்து என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இந்தச் சிறிய பொய்க்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. போரில் ஊனமுற்றவன் உதவி கேட்டு வரும்போது தன் காயத்தை எதைக்கொண்டு நிரூபிப்பது, நிரூபிக்கும் பாரம் யார் தலையில் கிடக்கிறது, அந்தப் பாரம் எப்போது எவரால் இடம் மாற்றப்பட்டது என்பன நிருவாகப் பிரச்சினைகள் போலத் தோன்றினாலும் அடிப்படையில் அரசியற் பிரச்சினைகளேயாகும். உலகம் முழுவதும் முன்னாட் போர்வீரர்கள் தமது காயம் போரினால் வந்தது என்று காட்டுவதற்காக மன்றம் மன்றமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். வன்னியிலே அதே நிலையிலுள்ள ஒருவன் தன் காயம் போரினால் வந்தது என்பதை மறைக்க வேண்டியவனாக இருக்கிறான். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நாம் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

பழைய அரசர்கள் காலத்தில் மருத்துவச் சான்றிதழ் என்ற ஒன்றில்லை. போரில் இறந்தவனின் குடும்பத்திற்கு நிலம் வழங்கப்பட்டதை நமது கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்று குறிக்கின்றன. அது அரசனின் கருணை, உரிமையன்று. கொடுப்பவனுக்கு விருப்பமிருந்தால் கொடுத்தான். இலட்சக்கணக்கான தொழிலாளரையும் விவசாயிகளையும் சட்டத்தின் பலத்தால் படையிற் சேர்த்துப் போர்க்களத்திற்கு அனுப்பிய முதலாவது உலகப் போரில்தான் இந்தக் கருணை முறை முற்றாக உடைந்தது. உயிரோடு திரும்பியவர்களின் தொகை எந்த அரண்மனைக் கருணைக்கும் அடங்காததாக இருந்தது. பிரித்தானியா 1916ஆம் ஆண்டின் சட்டத்தினால் இளைப்பாற்றுச் சம்பளத்திற்கென்றே ஓர் அமைச்சை நிறுவியது. அத்துடன் அட்டவணையும் வந்தது. இரண்டு உறுப்புகள் போனால் நூறு வீதம். முழங்கைக்கு மேலே போனால் ஒரு தொகை, கீழே போனால் குறைந்த தொகை. வலது கைக்கு ஒரு விலை, இடது கைக்குச் சற்றுக் குறைந்த விலை. மனித உடம்பைக் கசாப்புக் கடைக்காரன்கூட இவ்வளவு நுட்பமாகப் பங்கிட்டதில்லை. இதே அட்டவணைச் சிந்தனைதான் பின்னர் ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் வந்தது. இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால், விரல் போனால் உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போயிற்று என்று எழுதியிருப்பதைக் காணலாம்.

கண்ணுக்குத் தெரியும் காயத்திற்கே இந்தக் கணக்கு என்றால், தெரியாத காயத்தின் கதி என்ன? எறிகணை அதிர்ச்சியால் பேச்சிழந்தும் கை நடுங்கியும் திரும்பிய படைவீரர்களைப் பிரித்தானிய இராணுவம் இரண்டு எழுத்துகளால் பிரித்தது. பகைவனின் எறிகணையால் நேரடியாக நேர்ந்தது எனப்பட்டால் சீட்டில் ‘டபிள்யூ’. அவன் காயமுற்றவன் எனக் கணிக்கப்படுவான். அப்படி நிறுவ முடியாவிட்டால் ‘எஸ்’. அவன் வெறும் நோயாளி. அதே நடுக்கம், அதே உறக்கமின்மை. ஆனால் களத்திலே அவசரத்தில் நின்ற ஓர் அதிகாரி எழுதிய ஓரெழுத்தே மிச்ச வாழ்நாளைத் தீர்மானித்தது.

எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டாலும் இவ்வகைக் கோரிக்கையில் மூன்று விடயங்கள் கேட்கப்படுகின்றன. இப்போது ஓர் ஊனம் இருக்கிறதா? சேவையின்போது ஒரு நிகழ்ச்சி நடந்ததா? அந்த நிகழ்ச்சிக்கும் இந்த ஊனத்திற்கும் தொடர்பு உண்டா? முதலாவதை எந்த வைத்தியரும் இன்றே பரிசோதித்துச் சொல்லிவிடலாம். மூன்றாவது மருத்துவ அறிவுக்குரியது. தகராறு முழுவதும் இரண்டாவதில்தான். அங்கே கேட்கப்படுவது கடதாசி, கடதாசியோ போர்க்களத்தில் பிறப்பதில்லை, பிறந்தாலும் பிழைப்பதில்லை.

இந்த உண்மையை ஆளும் வர்க்கங்கள் தாமாக உணரவில்லை. திரும்பி வந்த படைவீரர்கள் சங்கம் அமைத்து, ஊர்வலம் நடத்தி, வாக்குரிமையைக் காட்டி உணர்த்தினார்கள். அதன் பயனாகவே பிரித்தானியாவில் 1943ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்றங்களுக்கான சட்டம் பிறந்தது. நிரூபிக்கும் பாரமும் கோருபவனிடமிருந்து அமைச்சின்மீது மாற்றப்பட்டது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் காயமுற்றவனுக்கு. நியாயமான சந்தேகம் என்றால் என்ன என்பதற்கு நீதியரசர் டெனிங் 1947இல் மில்லர் வழக்கில் கூறிய விளக்கத்தைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அது ஒரு படைவீரனின் இளைப்பாற்றுச் சம்பள வழக்கிலே பிறந்தது என்பதை அவர்களுட் பலர் கவனிப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1941 டிசம்பரில், அந்த நாடு போரில் இறங்கிய அதே மாதத்தில், ஓர் ஏற்பாடு சட்டமாயிற்று. களத்தில் போரிட்டவன் தன் காயம் இவ்வாறு நேர்ந்தது என்று சொல்வானாயின், அது அந்தக் களத்தின் சூழ்நிலைக்குப் பொருந்துமாயின், அலுவலகப் பதிவு இல்லை என்ற காரணத்தால் அதனைத் தள்ளிவிடலாகாது என்பது அதன் சாரம். அதற்கு ஒரு பெரிய சோதனை 1973இல் வந்தது. அவ்வாண்டு ஜூலை 12ஆம் திகதி மிசூரி மாநிலத்தின் சென்ற் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த தேசிய ஆளணிப் பதிவேட்டு நிலையத்தில் தீப்பற்றியது. 160 முதல் 180 இலட்சம் வரையான படைவீரர்களின் கோவைகள் எரிந்துபோயின. 1912க்கும் 1960க்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோவைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது அழிந்தன. அதற்காக அந்த மனிதர்களின் காயங்களும் எரிந்துவிட்டன என்று எவரும் சொல்லவில்லை. சம்பளப் பட்டியல், வைத்தியசாலை அனுமதிப் பதிவு, வீட்டிற்கு எழுதிய கடிதம், உடனிருந்த தோழனின் சாட்சியம் என்று வேறு ஆதாரங்களைத் தேடுவதும் ஏற்பதும் வழக்கமாயிற்று. கோவை அரசின் காவலில் இருந்தபோது அழிந்தமையால் தேடிக் கொடுக்கும் கடமை அரசுக்குக் கூடுதலாக உண்டு என நீதிமன்றங்களும் கூறின.

அயலில் இந்தியாவிலும் இதே வாதம் நடந்தது. சமிக்ஞைப் படைப்பிரிவில் 1985இல் சிப்பாயாகச் சேர்ந்து, வலிப்பு நோயின் காரணமாக 1994இல் வெளியேற்றப்பட்ட ஒருவரின் வழக்கு இருபது ஆண்டுகள் அளவில் இழுபட்டது. தரம்வீர் சிங் வழக்கு எனப்படும் அதில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் நோய் குறிக்கப்படவில்லையாயின் அவன் நல்ல உடல்நிலையில் சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும். சேவையால் வந்ததன்று என்று காட்டும் பாரம் படைக்கு உரியது. கடதாசியின் மௌனம் அங்கே சிப்பாயின் பக்கம் பேசியது.

ஆனால் இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இந்தச் சலுகைகள் அனைத்தும் அரசு தன்னுடைய படைவீரர்களுக்குக் கொடுத்தவை. வியட்நாம் காடுகளின்மேல் அமெரிக்க விமானங்கள் ஊற்றிய ஒரேஞ்சு நஞ்சை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க காங்கிரஸ் 1991இல் இயற்றிய சட்டத்தின்படி, வியட்நாமிற் சேவை செய்தவனுக்குக் குறித்த நோய்கள் வந்தால் அவை அந்த நஞ்சினால் வந்தவை என்றே ஊகிக்கப்படும். தனித்தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. அதே நஞ்சு விழுந்த வயலில் வாழ்ந்த வியட்நாமிய விவசாயிகளின் சார்பில் இரசாயனக் கம்பனிகளுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கோ 2005இல் நியூயோர்க்கில் தள்ளுபடியாயிற்று. ஒரே பீப்பாயிலிருந்து வந்த நஞ்சு. ஒருவனுக்கு ஊகம், மற்றவனுக்குக் கைவிரிப்பு. மருத்துவம் இரண்டு வகையாக இருக்கவில்லை. கேட்பவன் யாருடைய ஆள் என்பதுதான் இரண்டு வகையாக இருந்தது.

இனி வன்னிக்கு வருவோம்.

2008ஆம் ஆண்டின் இறுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காயிற்று. 2009 ஜனவரி 2ஆம் திகதி நகரம் இராணுவத்தின் வசமாவதற்கு முன்பே வைத்தியசாலை தருமபுரத்திற்கு இடம்பெயர்ந்துவிட்டது. அங்கிருந்து உடையார்கட்டு, முல்லைத்தீவு வைத்தியசாலை வள்ளிபுனத்திற்கு, பின்னர் புதுக்குடியிருப்பு, பெப்ரவரி தொடக்கத்தில் அந்த வைத்தியசாலையும் பலமுறை தாக்குண்டு கைவிடப்பட, புதுமாத்தளன் பாடசாலைக் கட்டடம், ஈற்றில் முள்ளிவாய்க்கால். இடம்பெயரும் வைத்தியசாலை எதைத் தூக்கிச் செல்லும்? நோயாளியை, சேலைனை, மயக்கமருந்தை. கோவைகளையும் அனுமதிப் பதிவேடுகளையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவதற்கு எவருக்கு மனம் வரும்? அந்த மாதங்களில் நோய்நிர்ணய அட்டை எழுதப்பட்டவர்கள் பாக்கியசாலிகள். அதனைப் பதுங்கு குழியிலும் நந்திக்கடல் நீரிலும் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள் அதனினும் பெரிய பாக்கியசாலிகள். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு தனது 2011ஆம் ஆண்டு அறிக்கையில் வன்னியின் முன்னரங்கு வைத்தியசாலைகள் திரும்பத் திரும்ப எறிகணைக்கு உள்ளானதைப் பதிவு செய்திருக்கிறது. அதாவது காயத்தை உண்டாக்கிய அதே நெருப்பு காயத்தின் பதிவையும் எரித்தது. சென்ற் லூயிஸில் நடந்தது விபத்து. இங்கு நடந்தது விபத்தன்று.

பதிவு போனால் பதிவு செய்தவர் இருக்கிறாரே என்று கேட்கலாம். அவர்களுக்கு நேர்ந்ததையும் நாம் மறத்தலாகாது. இறுதிவரை அங்கே பணியாற்றிய அரச வைத்தியர்கள் ஐவர் போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டனர். 2009 ஜூலையில் கொழும்பில் ஊடகவியலாளர்முன் நிறுத்தப்பட்டபோது, தாம் முன்னர் வெளியிட்ட இழப்புக் கணக்குகள் மிகையானவை என்று சொன்னார்கள். அவர்களுள் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய ஒருவர், அந்தப் பேச்சு நெருக்குதலின்கீழ் நிகழ்ந்தது என்றார். கோவை எரிந்தபின் கடைசியாக எஞ்சும் மருத்துவச் சாட்சி வைத்தியரின் நினைவுதான். அந்த நினைவும் மேடையேற்றித் திருத்தப்பட்டது.

ஒரு பகுதியினருக்கு மட்டும் கடதாசி கிடைத்தது. 2009 பெப்ரவரி 10 முதல் மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாகக் காயமுற்றோரையும் நோயாளரையும் அவர்தம் உறவினரையும் வெளியேற்றியது. ஏறத்தாழ 14,000 பேர் அவ்வாறு முதலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவினரின் கள வைத்தியசாலை இருந்தது. அங்கிருந்து நோயாளர்கள் வேறு வேறு வைத்தியசாலைகளுக்குப் பகிர்ந்தனுப்பப்பட்டனர். இவர்களுடைய பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. எழுதியவரின் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டன. தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறியது. பின்னாளில் அடையாள அட்டையிலுள்ள பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒத்துவராமல், தன் காலுக்கே தான் உரிமையாளன் அல்லன் என்ற நிலைக்கு ஒருவன் வந்துவிடுவது நாட்டுப்புறத்தில் நகைச்சுவையாகச் சொல்லப்படுவது. கேட்டுச் சிரிப்பவரும் சிரித்து முடிந்ததும் தலையைக் குனிந்துகொள்வர்.

உடம்பு என்ன சாட்சி சொல்லும்? மிக நிறையவே சொல்லும். எறிகணைச் சிதறல் எலும்பருகே தங்கியிருந்தால் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்திலே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பல ஆண்டுகளாக உள்ளே கிடந்த உலோகத்தைச் சுற்றி உடல் நார்த்திசுவால் ஓர் உறையைக் கட்டிவிடும். வளைந்து பொருந்திய எலும்பு, முறிவு பழையது என்று காட்டும். துண்டிக்கப்பட்ட காலின் முனையில் நரம்பு முடிச்சிட்டு வலிக்கும். இல்லாத பாதத்தில் வலி எடுக்கும். இவற்றுக்கெல்லாம் மருத்துவத்தில் பெயர் உண்டு. மூட்டுக்குள் தங்கிய ஈயம் மெல்லக் கரைந்து குருதியில் நஞ்சாகக்கூடும். உள்ளே இரும்பு இருப்பவனைக் காந்த அதிர்வுப் படப்பிடிப்புக்கு அனுப்ப வைத்தியர் தயங்குவார். ஆகவே வேறு நோய்களைக் கண்டறிவதும் அவனுக்குக் கடினமாகிறது. சிறுவயதில் கால் இழந்தவனின் துயரம் தனியானது. எஞ்சிய எலும்பு வளர்ந்து தோலைக் குத்தும். திரும்பவும் அறுவை செய்ய வேண்டும். செயற்கைக் காலை வளரவளர மாற்றவேண்டும். 2009இல் பத்து வயதாயிருந்த பிள்ளை 2019இல் இருபது வயதாளன். அதற்குள் எத்தனை கால்கள்! ஒருமுறை எழுதிய சான்றிதழ் எப்படி அவனுக்குப் போதும்?

முள்ளந்தண்டு வடம் அறுந்தவர்களுக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வாழ்நாட் பகைவர். மாங்குளத்தில் அவ்வாறு பாதிக்கப்பட்டோர் ஒன்றுகூடி உயிரிழை என்ற அமைப்பை நடத்திவருகிறார்கள் என்பது தனியே எழுதத்தக்க செய்தி.

ஆனால் உடம்பு சொல்லாத ஒன்றும் உண்டு. எந்த நாள், எந்த இடம், யார் எறிந்தது, அப்போது அவன் தோளில் துவக்கு இருந்ததா, தண்ணீர்க் குடம் இருந்ததா என்பதை எக்ஸ்-கதிர் காட்டாது. பழைய வெடிகாயத்திற்கு ஒத்தது என்று எழுதுவதோடு வைத்தியரின் கடமை முடிகிறது. அதற்குமேல் கேட்பது அரசியல்.

இலங்கை அரசாங்கம் தன் படையினருக்கென 1999ஆம் ஆண்டு 54ஆம் இலக்கச் சட்டத்தினால் ரணவிரு சேவா அதிகாரசபையை நிறுவியது. அவர்களுக்கு மருத்துவச் சபை உண்டு; வீதக் கணக்கு உண்டு. அப்படியிருந்தும் 12 ஆண்டுச் சேவை நிறையுமுன் காயத்தால் விலக்கப்பட்ட சிப்பாய்கள் இளைப்பாற்றுச் சம்பளம் கேட்டு 2016இல் கொழும்புத் தெருவில் ஊன்றுகோல்களோடு நிற்கவேண்டியிருந்தது. அனுராதபுரத்துக் கமக்காரனின் மகனும் புதுக்குடியிருப்புக் கமக்காரனின் மகனும் ஒருவர் காலை மற்றவர் எடுத்துக்கொண்டு தத்தம் கச்சேரி வாசலில் நிற்கிறார்கள் என்று சொன்னால் நமது பக்கத்திலும் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எனினும் இருவரும் ஒரே படியில் நிற்கவில்லை. ஒருவனிடம் கேட்கப்படுவது போதிய ஆண்டுச் சேவை. மற்றவனுக்குச் சேவை என்ற சொல்லே குற்றம். போருக்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களின் வழியாக வெளிவந்தனர். தற்காலிக ஏற்பாடுகள் என்ற பெயருடன் 1979இல் பிறந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் நிழலில் வாழ்ந்த அவர்களுக்கு, மருத்துவ வரலாறு என்பதே வாக்குமூலமாகும். நியூயோர்க்கிலும் டில்லியிலும் உரிமையைத் திறக்கும் அதே வாக்கியம் விசுவமடுவில் விசாரணையைத் திறக்கும். வீட்டிற்கு வந்துபோகும் புலனாய்வாளரை அறிந்த ஒருவன் வைத்தியரிடம் எதைச் சொல்வான்? உடலை மட்டும் காட்டுவான். மனவடு என்று உளமருத்துவர் குறிக்கும் நோய்க்குக் காட்ட எதுவுமில்லை, சொல்லத்தான் வேண்டும், ஆகவே அது படிவத்தில் ஏறுவதேயில்லை. இந்த நம்பிக்கையின்மை எவ்வளவு ஆழமானது என்பதை 2016இல் கண்டோம். புனர்வாழ்வு பெற்றவர்கள் சிலரின் மரணங்களைத் தொடர்ந்து நச்சூசி பற்றிய பேச்சுப் பரவியது. வட மாகாண சபை வெளிநாட்டு வைத்தியரின் பரிசோதனை கோரியது. அந்த ஐயம் மருத்துவரீதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் தன் உடலைத் தன் நாட்டு வைத்தியரிடம் ஒப்புக்கொடுக்க அஞ்சும் ஒரு கூட்டம் அங்கே இருந்தது என்பது நிறுவப்பட்டது.

நமது பக்கத்துக் குற்றத்தையும் மூடிவைக்கலாகாது. இறுதி மாதங்களில் விடுதலைப் புலிகள் குடும்பங்களிலிருந்து இளைஞரையும் சிறுவரையும் பலவந்தமாகச் சேர்த்தனர். நிபுணர் குழுவின் அறிக்கை அதனையும் கூறுகிறது. மாசியில் பிடித்துச் செல்லப்பட்டு பங்குனியில் காலிழந்து வீடு வந்த பதினாறு வயதுப் பிள்ளையை எந்தப் பத்தியில் எழுதுவது? போராளி என்றா, பொதுமகன் என்றா? இரண்டு பத்திகளும் அவனை ஏற்கவில்லை. அவனுக்குக் கிடைக்கக்கூடியதெல்லாம் வறிய ஊனமுற்றோர் எவருக்குமான பொதுக் கொடுப்பனவுதான். 3000 ரூபாவிலிருந்து 2019இல் 5000 ரூபாவாக உயர்த்தப்பட்ட அந்தத் தொகை. நட்டஈட்டுக்கென 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த புனர்வாழ்வு அதிகாரசபையின் இடத்துக்கு 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கான அலுவலகத்தைக் கொண்டுவந்தது. அலுவலகம் மாறியது, வாசலில் கேட்கும் கடதாசி மாறவில்லை.

தோற்ற பக்கத்துக் காயங்களுக்கு உலகில் முன்மாதிரி இல்லை என்று எண்ணவேண்டாம். ஸ்பானிய உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தபோது பிராங்கோவின் பக்கத்தில் ஊனமுற்றோர் சிறப்புப் பட்டம் பெற்று, சம்பளமும் வேலையும் பெற்றனர். குடியரசுக்காகப் போரிட்டுக் கை இழந்தவன் தெருவில் லொத்தர் சீட்டு விற்றான்; அல்லது காயத்தை மறைத்து வாழ்ந்தான். சர்வாதிகாரி இறந்த மறு ஆண்டில், 1976இல், ஓர் ஆணை அவர்களுக்கு முதன்முறையாகச் சிறு உதவியைத் திறந்தது. 1980 ஜூனில் 35ஆம் இலக்கச் சட்டம் குடியரசுப் பக்கத்து ஊனமுற்ற போராளிகளுக்கும் இளைப்பாற்றுச் சம்பள உரிமையை அளித்தது. நாற்பத்தொரு ஆண்டுகள். இருபது வயதில் காயமுற்றவன் அறுபத்தொரு வயதில் மருத்துவச் சபையின்முன் சட்டையைக் கழற்றினான்.

வன்னியில் இன்றும் சேர்க்கக்கூடிய ஆதாரங்கள் இல்லாமலில்லை. கப்பலில் சென்றவர்கள் இறங்கிய வைத்தியசாலைகளில் அனுமதிப் பதிவேடு எழுதப்பட்டது. வவுனியா வைத்தியசாலையிலும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் மருத்துவ நிலையங்களிலும் 2009இல் பார்க்கப்பட்டவர்களின் கிளினிக் கொப்பிகள் சில வீடுகளில் பொலித்தீன் பையில் சுற்றிக் கிடக்கின்றன. புதிய எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கலாம். இவற்றைச் சேர்த்துவைக்க ஆசிரியர்கள் உதவுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உடனிருந்தவரின் சாட்சியம் உண்டு. அமெரிக்கத் தீக்குப் பின் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் அதுதானே. மாத்தளன் மணலில் அவனைத் தறப்பாளில் போட்டு இழுத்துச் சென்ற பெண் உயிரோடிருக்கிறாள்; இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க அவளுக்குச் சம்மதமும் உண்டு.

அந்தக் கடதாசியில் அன்று தான் எங்கே நின்றாள், ஏன் நின்றாள், எந்த உடையில் நின்றாள் என்று அவளும் எழுதவேண்டியிருக்கும்.